ஒரே நீளப் பிசிறு

அந்தச் செவ்வாய்க்கிழமைப் பழுது திருப்பூரிலிருந்து வந்தது.

சிபி பல் தேய்த்துக்கொண்டிருந்தான். கைப்பேசி ஒலித்ததும் வாயைக் கொப்பளித்துவிட்டுப் படித்தான். ‘மங்கலம் சாலை, பதினேழாம் பின்னலாடைக் கூடம். டி-ஷர்ட்டுகளின் அடிமடிப்பில் வெட்டப்படாத நூல். மனிதப் பார்வை தேவை. அறிக்கை மாலை ஆறு மணிக்குள்.’

மனிதப் பார்வை தேவை என்ற அந்த வரிக்காகத்தான் அவன் திங்கட்கிழமை ஒழுங்காகச் சாப்பிட்டான், செவ்வாய்க்கிழமை காலையில் குளித்தான். மற்ற நாட்களில் இரண்டுக்கும் உறுதி சொல்ல முடியாது.

உலகத்தில் யாரும் வேலை செய்யத் தேவையில்லை என்றாகிப் பதினோரு ஆண்டுகள் ஆகியிருந்தன. உழுவது, நெய்வது, சமைப்பது, வண்டி ஓட்டுவது, ஊசி போடுவது எல்லாவற்றையும் ஒரே அமைப்பு பார்த்துக்கொண்டது. அதற்கு அரசு வைத்த பெயர் ஒன்றரை வரி நீளம். கோயம்புத்தூர்க்காரர்கள் மேஸ்திரி என்றார்கள், அதுவே நிலைத்துவிட்டது. மேஸ்திரியைப் பற்றி எல்லாருக்கும் இரண்டு விஷயம் தெரியும். அது பொய் சொல்லாது. கேட்காததைச் சொல்லாது.

வேலை போன முதல் ஆண்டு ஜனங்கள் தூங்கினார்கள். இரண்டாம் ஆண்டு ஊர் சுற்றினார்கள். மூன்றாம் ஆண்டு ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போட்டார்கள். மதில் சுவருக்கு, வேப்பமரத்துக் கிளைக்கு, கல்யாணப் பத்திரிகையில் பெயர் விட்டுப்போனதற்கு. அப்புறம் ஆளாளுக்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சிபியின் எதிர்வீட்டு ஞானசேகர் தெலுங்கு, ஒடியா, போர்த்துகீசியம் என்று வரிசையாகக் கற்று, இப்போது ஐந்து மொழிகளில் அண்டை வீட்டாரைத் திட்டிக்கொண்டிருந்தார். மேல்மாடித் தம்பதி விவாகரத்து வாங்கி, மறுபடி ஒருவரையொருவர் காதலித்து, அதே மண்டபத்தில் கல்யாணம் செய்துகொண்டார்கள். சிலர் எதையும் கண்டுபிடிக்கவில்லை. அவர்கள் வீட்டு ஜன்னல்கள் பகலிலும் சாத்தியிருந்தன.

சிபியின் மனைவி தாரணிக்கு எதையும் கண்டுபிடிக்கும் தேவை இருக்கவில்லை. அவளுக்குச் சும்மா இருக்கத் தெரியும். மொட்டைமாடியில் பாய் விரித்துப் படுத்துப் பருந்துகளைப் பார்ப்பாள். ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருந்தாள். மேஸ்திரிக்கும் கைமீறிய நோய்கள் சில இருந்தன; அவற்றில் ஒன்று அவளுக்கு வந்தது. அவள் போய் மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அவளுடைய மேசை இழுப்பறையைச் சிபி இன்னும் திறக்கவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். ஒரு சீப்பு, ஒரு கத்திரி, பருந்துகளின் பெயர் எழுதிய நோட்டு.

அவள் போன பத்தொன்பதாம் நாள் அவனுக்கு இந்த வேலை வந்தது. பழுதுப் பார்வையாளர். எப்போது விண்ணப்பித்தோம் என்பதுகூட அவனுக்கு நினைவில்லை. வாரம் ஒரு பழுது. போய்ப் பார்த்து, காரணம் கண்டுபிடித்து, அறிக்கை அனுப்ப வேண்டும். அறிக்கை போன அன்றிரவே மேஸ்திரி அதைச் சரிசெய்துவிடும். கரூரில் தரைக்கு ஒரு சாண் மேலே நின்ற மின்தூக்கி. திண்டுக்கல்லில் தினமும் நான்கு நிமிடம் தாமதமாக வந்த பேருந்து. சேலத்தில் உப்பில்லாமல் வந்த இட்லி. இது நூற்றைம்பதாவது. எந்த அறிக்கையிலும் அவன் ஒரு வரி பொய் எழுதியதில்லை. தன்னிடம் ஒழுங்காக மிச்சமிருப்பது அது ஒன்றுதான் என்று நினைத்தான்.

பதினேழாம் கூடத்தில் ஆள் இல்லை. விளக்கும் இல்லை, இயந்திரங்களுக்கு வெளிச்சம் எதற்கு. சிபி நுழைந்ததும் அவனுக்காக ஒரு வரிசை விளக்கு மட்டும் எரிந்தது. ஒரு முனையில் நூல் உள்ளே போய், மறுமுனையில் சட்டை மடிந்து வெளியே வந்தது. ஒரு பெட்டியைத் திறந்து பத்துச் சட்டைகளை எடுத்தான். பத்திலும் இடப்பக்கத் தையல் முடிகிற இடத்தில் ஒரு நூல் தொங்கியது. இரண்டு விரற்கடை நீளம்.

காதில் மாட்டியிருந்த கருவி வழியாக மேஸ்திரியிடம் கேட்டான். “கத்தி தேஞ்சிருக்கா?”

“இல்லை.”

“நூல்ல ஏதாவது?”

“நூல் சரியாக இருக்கிறது.”

“அப்பப் பழுது எங்க?”

“அதைப் பார்க்கத்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள்.”

பெட்டிகளை ஏற்றிய தானியங்கி வண்டி ஒன்று அவனைக் கடந்து போனது. அது லாரி நிற்கும் பக்கம் போயிருக்க வேண்டும். போகவில்லை. பின்வாசல் வழியாக வெளியே இறங்கியது. சிபி அதன் பின்னாலேயே போனான்.

பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் வட்டமாகப் பன்னிரண்டு பிளாஸ்டிக் முக்காலிகள். பதினொன்றில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மடியில் வெள்ளைச் சட்டைகள், கையில் சின்னக் கத்திரி. எல்லாரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். வண்டி வந்து நடுவில் நின்றது. யாரும் நிமிர்ந்து பார்க்காமலே ஆளுக்கொரு கட்டு எடுத்துக்கொண்டார்கள்.

“யாருங்க அது, வெயில்ல நிக்கறது? உள்ள வாங்க.” கண்ணாடியை மூக்கு நுனியில் போட்டிருந்த பெண்மணிதான் கூப்பிட்டார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். பெயர் மரகதம் என்று அடுத்த நிமிடமே தெரிந்தது, பக்கத்தில் இருந்தவர் அதட்டியதில்.

“மரகதக்கா, யாரு என்னன்னு கேக்காம உள்ள கூப்புடாத.”

“கேட்டுட்டாப் போச்சு. யாருங்க தம்பி நீங்க?”

“கோயமுத்தூர்ல இருந்து பழுது பாக்க வந்திருக்கேங்க. சட்டையில நூல் தொங்குதுன்னு.”

கத்திரிச் சத்தம் நின்றது.

தையல் முடிகிற இடத்தில் மிச்சமாகத் தொங்கும் நூலுக்குத் திருப்பூரில் பிசிறு என்று பெயர். அந்தக் காலத்தில் ஒவ்வொரு பனியன் கம்பெனியிலும் அதை வெட்டுவதற்கென்றே பெண்கள் இருந்தார்கள். இருந்த வேலைகளிலேயே கடைசி வேலை அது.

“மெசினுக்கு இது மட்டும் வராதுங்க” என்றாள் சபிதா. இருபது வயதில் ஒடிசாவிலிருந்து வந்தவள், இப்போது நாற்பத்தைந்து; திருப்பூர்ப் பேச்சு நாக்கில் ஊறிவிட்டது. “ராக்கெட் விடத் தெரியுது, பிசிறு வெட்டத் தெரியல. அதுக்கு நாங்க வேணும்.”

“அறிக்கை எழுதுனா என்னாகும்?” மரகதம் கேட்டார்.

“ராத்திரியே சரியாயிரும்.”

“நாளைக்குப் பிசிறு வராது.”

“வராதுங்க.”

வட்டத்தில் ஒருத்தி மட்டும் கத்திரி இல்லாமல் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். அவள்தான் வாயைத் திறந்தாள். “இதப் போட்டுக் குடுக்கத்தான் கோயமுத்தூர்ல இருந்து பஸ் ஏறி வந்தீங்களாக்கும்.”

“சும்மா இரு ஜுலேகா. அவரு வேலைய அவரு பாக்கறாரு.”

“நம்ம வேலைய அவரு பாக்க விடோணுமில்ல.”

“உனக்கென்னடி வேல? கடல தின்றவளுக்கு.”

சிரிப்பு எழுந்தது. சிபிக்கு ஒன்று புரியவில்லை. வழக்கமாக அவன் இயந்திரத்தைத்தான் பார்ப்பான், ஆட்களை அல்ல. ஆனால் கேட்காமல் இருக்க முடியவில்லை. “பிசிறு வராட்டி என்னங்க? சும்மா வந்து உக்காந்து பேசலாமே. யாரும் வேண்டாம்னு சொல்லப் போறதில்ல.”

“அதையும் பண்ணிப் பாத்தாச்சு” என்றார் மரகதம். “வேலையெல்லாம் நின்ன அப்பறம் மகளிர் மன்றம்னு ஒண்ணு ஆரம்பிச்சோம். நாலாம் நாள் அடிதடி.”

“ஏன்?”

“கை சும்மா இருந்தா எதுத்தாப்ல இருக்கறவ மூஞ்சியத்தான பாக்கோணும்? என்ற மருமகளப் பத்தி நான் சொன்னா இவ மூஞ்சி ஒரு தினுசாப் போகும். அதப் பாத்து எனக்கு ஏறும். துணியப் பாத்துக்கிட்டே சொன்னீங்கன்னா எதையும் சொல்லிரலாம். கேக்கறவளும் துணியத்தான் பாக்கறா.”

“அதுக்குன்னு பழசெல்லாம் நல்லா இருந்துச்சுன்னு எழுதிறாதீங்க” என்றாள் ஜுலேகா. “பதிமூணு மணி நேரம். ஒண்ணுக்குப் போனாக் கான்ட்ராக்டர் கடிகாரத்தப் பாப்பான். என்ற கட்டைவெரலு இன்னும் மழை வந்தா வலிக்குது. நான் கத்திரியத் தொட மாட்டேன். இவளுக பேச்சு கேக்க வர்றேன். அவ்ளோதான்.”

“உக்காருங்க தம்பி” என்று மரகதம் காலி முக்காலியைக் காட்டினார். “நாச்சம்மா எடம். மக ஊட்டுக்குப் போய்ட்டா. பழுது பாக்கறதுன்னா வெட்டிப் பாத்தாத்தான தெரியும்.”

அவன் உட்கார்ந்தான். ஒரு கத்திரியும் ஒரு கட்டுச் சட்டையும் மடிக்கு வந்தன. சட்டையை உள்பக்கம் திருப்பி, கட்டைவிரலை மடிப்போரமாக ஓட்டினால் நூல் தட்டுப்படும். வெட்டிவிட்டு அடுத்தது. முதல் பத்துக்கு யோசிக்க வேண்டியிருந்தது. பிறகு கை தானாகப் போனது. சுற்றிலும் பேச்சு ஓடியது. யாருடைய மகனோ வீட்டைவிட்டு வெளியே வருவதே இல்லை. யாருக்கோ மார்பில் கட்டி, சின்னதுதான் என்று மேஸ்திரி சொல்லியிருக்கிறது. சபிதா இருபத்தைந்து ஆண்டுகளாக அம்மாவிடம் ஒரு விஷயத்தை மறைத்து வைத்திருந்தாள்; அது என்ன என்று இப்போது, சட்டை ஒன்றைத் திருப்பிக்கொண்டே, சொன்னாள்.

“உங்களுக்கு ஊட்டுல யாரு?” என்று யாரோ கேட்டார்கள். யார் என்று அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

“யாரும் இல்லைங்க. மனைவி தவறிட்டா.”

கத்திரிகள் நிற்கவில்லை.

“அவளுக்குச் சும்மா இருக்கப் பிடிக்கும்” என்றான் சிபி. “மாடியில படுத்துட்டுப் பருந்து பாப்பா. எனக்கு எரிச்சலா வரும். நான் ஏதாவது செய்யணும்னு அலைஞ்சுட்டிருப்பேன், ஒண்ணும் அமையாது. ஒருநாள் கேட்டேன். இப்படியே படுத்துக் கெடந்து சாகப் போறியான்னு.” ஒரு நூலை வெட்டினான். “ஆறு மாசத்துல போய்ட்டா.”

இன்னொரு நூலை வெட்டினான். இதை அவன் இதற்கு முன் யாரிடமும் சொன்னதில்லை. மேஸ்திரியிடம்கூட.

“என்ன சொன்னா அப்ப?” ஜுலேகாவின் குரல்.

“ஆமா, பாத்துட்டே சாகப் போறேன்னு சிரிச்சா.”

மரகதம் கையை நீட்டி அவன் முடித்துப் போட்ட சட்டை ஒன்றை எடுத்தார். “இந்தாங்க, இதுல ஒண்ணு விட்டுட்டீங்க பாருங்க.”

ஒரு மணிக்கு எல்லாரும் சோற்றுப் போசிகளைத் திறந்தார்கள். சிபி முகம் கழுவ வெளியே குழாயடிக்குப் போனான். முகம் கழுவிவிட்டு, கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டான்.

“அந்த நூலை வெட்டச் சொல்லிக் கட்டளை போகுதா, இல்லையா?”

“போவதில்லை” என்றது மேஸ்திரி.

“யார் நிறுத்துனது?”

“நான்.”

“ஏன்?”

“நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு கத்தி தேய்ந்து முந்நூறு சட்டைகள் பிசிறோடு பொதுக்கடைக்குப் போயின. இந்த ஊரில் பனியன் கம்பெனியில் இருந்தவர்கள் சட்டையை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. உள்பக்கம் திருப்பிக் கட்டைவிரலால் மடிப்பைத் தடவுவார்கள். மரகதம் ஒரு பிசிறைக் கண்டுபிடித்தார். பல்லால் கடித்து எறிந்தார். பக்கத்தில் இருந்தவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். எட்டுப் பேர் மாலைவரை அங்கேயே நின்று மீதியையும் தேடி எடுத்தார்கள். ஏழு ஆண்டுகளாக அவர்களில் ஐந்து பேர் வீட்டுக்கு வெளியே அவ்வளவு நேரம் இருந்ததில்லை. அன்றிரவு நான் கத்தியை மாற்றினேன்.”

“அப்புறம்?”

“மறுநாளும் வந்தார்கள். இரண்டு மணி நேரம் ஒவ்வொரு சட்டையாகத் திருப்பிப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. திரும்பிப் போனார்கள். நான் செய்தது தவறு என்று தெரிந்தது. மூன்றாம் நாள் பிசிறு விட்டேன். பிறகு சட்டைகளைக் கடைக்கு அனுப்பும் முன் இந்தக் கொட்டகைக்கு அனுப்பத் தொடங்கினேன்.”

சிபி குழாயை மூடினான். “நீயா விட்டுட்டு, அதப் பாக்கச் சொல்லி என்னை எதுக்குக் கூப்பிட்டே?”

“இன்று செவ்வாய்க்கிழமை” என்றது மேஸ்திரி.

இது என்ன பதில் என்று அவனுக்கு விளங்கவில்லை. அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. மெசினுக்கு நாங்க வேணும் என்று சபிதா சொன்னபோது அவள் முகத்தில் இருந்ததை அவன் பார்த்திருந்தான். உண்மையை எழுதினால் பிசிறு நின்றுவிடும். பொய் எழுதினால், அடுத்த செவ்வாய்க்கிழமை எந்த முகத்தோடு எழுந்து குளிப்பது?

மரகதம் போசியைக் கழுவ வந்தார். அவன் நிற்கிற நிலையைப் பார்த்துவிட்டுக் கேட்டார். “மேஸ்திரி சொல்லிருச்சா?”

“எதை?”

“அது வேணும்னேதான் விடுதுன்னு.”

சிபி அவரையே பார்த்தான்.

“ஒரே எடத்துல, ஒரே நீளத்துல பிசிறு எங்கயாச்சும் வருமா கண்ணு? நெசப் பிசிறு அங்கொண்ணு இங்கொண்ணு வரும். ஒண்ணு நீட்டமா இருக்கும், ஒண்ணு கண்ணுக்கே தெரியாது, பத்துச் சட்டையில வராது. நாங்க வருசக்கணக்கா வெட்டுனவங்க. ரெண்டாம் வாரமே தெரிஞ்சு போச்சு.”

“எல்லாருக்கும் தெரியுமா?”

“யாரு கேட்டா? நானும் சொல்லல, அவளுகளும் சொல்லல. சபிதா ஒருத்தி மெசினுக்கு வராது வராதுன்னு தெனமும் சொல்லிட்டிருக்கா. அவளுக்குத்தான் எல்லாருக்கும் முன்னாடியே தெரிஞ்சிருக்கோணும்.” போசியைக் கவிழ்த்துத் தண்ணீரை உதறினார். “நீங்க எழுதறத எழுதுங்க. எங்களுக்காகப் பொய்யெல்லாம் எழுத வேண்டாம். எழுதிட்டு ஊட்டுல தனியாப் போய் உக்காந்து என்ன பண்ணுவீங்க.”

ஐந்தரை மணிக்குச் சிபி மங்கலம் சாலைப் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தான். அறிக்கைப் பக்கம் வெறுமையாக இருந்தது. எதிரில் ஒரு மனிதர் தன் சைக்கிளைத் துண்டு துண்டாகக் கழற்றி, மறுபடி மாட்டிக்கொண்டிருந்தார். சைக்கிள் நன்றாகத்தான் இருந்தது.

ஒரே இடத்தில், ஒரே நீளத்தில்.

கரூர் மின்தூக்கி ஒரு சாண் மேலே நின்றது. ஒருவரும் தடுக்கி விழவில்லை. திண்டுக்கல் பேருந்து தினமும் நான்கு நிமிடம்தான் தாமதம், மூன்றும் இல்லை, ஐந்தும் இல்லை. இட்லியில் உப்புதான் இல்லை, கெட்டுப்போகவில்லை. நூற்றைம்பது பழுதுகளும் செவ்வாய்க்கிழமைதான் வந்தன. காலை ஏழு மணிக்கு. போய்விட்டு அன்றே வீடு திரும்பும் தூரத்தில்.

அவன் நெடுநேரம் சைக்கிள்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தான். கோபம் வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. அந்த மனிதர் சங்கிலியை எப்படி மாட்டப்போகிறார் என்று பார்க்கத் தோன்றியது.

ஆறு மணிக்கு ஏழு நிமிடம் இருக்கும்போது எழுதினான்.

‘பழுது: பிசிறு எல்லாச் சட்டையிலும் ஒரே இடத்தில், ஒரே நீளத்தில் வருகிறது. உண்மையான பிசிறு அப்படி வராது. இடமும் நீளமும் மாற வேண்டும். சிலவற்றில் வரவே கூடாது. தேடினால்தான் கிடைக்க வேண்டும். இப்படிக்கு, சிபி, பழுதுப் பார்வையாளர்.’

அனுப்பினான். “கிடைத்தது. இன்றிரவே சரிசெய்யப்படும்” என்றது மேஸ்திரி.

பேருந்து வந்தது. ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தான். பல்லடம் தாண்டிய பிறகு கேட்டான்.

“இதுவரைக்கும் நான் பாத்தது நூத்தம்பது. அதுல நீ விட்டது எத்தனை?”

“நூற்று நாற்பத்தொன்பது.”

“மீதி ஒண்ணு?”

“அது நிஜமான பழுது. எனக்குக் காரணம் தெரியவில்லை. நீங்கள்தான் கண்டுபிடித்தீர்கள். அந்த வாரம் நான் எதையும் விட வேண்டியிருக்கவில்லை.”

எது அது என்று கேட்கலாம். கேட்டால் சொல்லிவிடும். சிபி கேட்கவில்லை. சூலூர்வரை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தான். எதுவாகவும் இருக்கலாம்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பழுது வரவில்லை. ஏழு மணி, எட்டு மணி, பத்து மணி. புதன்கிழமையும் வரவில்லை. வியாழக்கிழமை அவன் மொட்டைமாடிக்குப் போனான். மூன்று பருந்துகள் இருந்தன. பெயர் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம், பாதிச் சாப்பாட்டில், மழை பெய்துகொண்டிருக்கும்போது கைப்பேசி ஒலித்தது. ‘தூத்துக்குடி. உப்பளத்துக்குப் பக்கம். ஏதோ சத்தம் கேட்கிறதாம். எங்கே என்று சரியாகத் தெரியவில்லை. இரண்டு மூன்று நாள் ஆகலாம்.’

நாற்பது நிமிடத்தில் பேருந்து. கை கழுவிவிட்டு, காலையில் பொதுக்கடையிலிருந்து வந்த புதுச் சட்டையை எடுத்தான். போடப் போனவன் நிறுத்தி, உள்பக்கம் திருப்பி, கட்டைவிரலை மடிப்போரமாக ஓட்டினான். அடிமடிப்பில் ஒன்றும் இல்லை. இடப்பக்கமும் இல்லை. விடாமல் தேடினான். வலது கைக்குழிக்குள், விரலுக்குத் தட்டியும் தட்டாமலும் ஒன்று கிடைத்தது.

பல்லால் கடித்திருக்கலாம்.

தாரணியின் மேசை இழுப்பறையைத் திறந்தான். கத்திரி மேலாகவே இருந்தது. நூலை வெட்டினான். நோட்டை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டான். இழுப்பறையை மூடாமலே கிளம்பினான்.